டூம் விளையாட்டின் ஒலிகளும் அமிகாக் கணிப்பொறியும்

கணிப்பொறி விளையாட்டைப் பற்றிக் கலாசாலை மலரில் எழுதப் புகுதல் சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். ஆயினும், விளையாட்டென்று தள்ளிய பொருளினுள்ளேயே கணிதமும் பௌதிகமும் ஒருங்கே கூடி நிற்பதைக் காணுமிடத்து அதனை ஒதுக்கிவிடுதல் தகாது என்றே எண்ணுகின்றோம். ஈண்டு நாம் ஆராய எடுத்துக்கொண்டது, 1993-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 10-ஆம் நாள் அமெரிக்க நாட்டு ஐடி சாப்ட்வேர் நிறுவனத்தார் வெளியிட்ட ‘டூம்’ என்னும் விளையாட்டின் ஒலிகளை, 1985-இல் கொமடோர் நிறுவனத்தார் வெளியிட்ட ‘அமிகா’ என்னும் கணிப்பொறிக்கு உரிய ஒலிவடிவிற்கு மாற்றும் முறையாகும்.

இம்மாற்றம் வேண்டப்படுவது ஏன் எனின், கூறுவோம். டூம் விளையாட்டு இன்டெல் கணிப்பான் பூண்ட ஐ.பி.எம். வகைப் பொறிகளுக்கென்றே இயற்றப்பட்டது. அமிகாவை வைத்திருந்தோர்க்கு அது கிட்டவில்லை. அது வெளிவந்து ஐந்து திங்கள் நிறைவதற்குள், 1994-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 29-ஆம் நாள், கொமடோர் நிறுவனமே நொடித்துப்போயிற்று. பின்னர் 1997-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 23-ஆம் நாள், டூமின் நிரலாசிரியராகிய ஜான் கார்மாக் அதன் மூலநிரலை உலகினர்க்கு வெளியிட்டார். அதன்பின்னரே அமிகா அன்பர்கள் அதனைத் தம் பொறிக்கேற்பத் திருத்தி அமைத்துக்கொண்டனர்.

ஆயின் வெளியிடப்பட்ட அந்நிரலில் ஒரு குறை இருந்தது. டாஸ் பொறிகளில் ஒலி எழுப்பிய பகுதி ஐடி நிறுவனத்தார்க்கு உரியதன்று. பால் ராடெக் என்பார் எழுதிய ‘டி.எம்.எக்ஸ்.’ என்னும் ஒலிநூலகத்தை அவர்கள் உரிமம் பெற்றுப் பயன்படுத்தியிருந்தனர். பிறர் பொருளை வெளியிடுதல் இயலாதாகலின், லினக்ஸ் முறைமைக்கென அமைந்த நிரலே வெளிவந்தது. ஆகவே, டாஸ் பொறியில் அவ்வொலிகளை ஒலித்துக் காட்டிய கருவி திரைக்குப் பின்னேயே நின்றுவிட, அவ்வொலிகள் மட்டும் கோப்பில் எஞ்சின. ஏட்டுச்சுவடி வீட்டிலிருந்தும் அதன் எழுத்தறிந்து படிப்பார் இல்லாத நிலையை இஃது ஒத்தது. ஆர்வலர் பலர் கோப்பின் பைட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்து அவ்வெழுத்தைக் கற்றனர். அவர்தம் உழைப்பின் பயனாலேயே இன்று நாம் இதனை எழுத முடிகின்றது.

நிற்க. கணிப்பொறியில் ஒலி எவ்வாறு எழுதப்படுகின்றது என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். ஒலி என்பது காற்றின் அதிர்ச்சி. அவ்வதிர்ச்சியின் ஏற்ற இறக்கத்தை ஒரு நொடியில் பல்லாயிரம் முறை அளந்து, அளவுகளை எண்களாகக் குறித்துவைப்பின் அதுவே ஒலிக்கோப்பு. அவ்வாறு அளந்த ஒவ்வோர் எண்ணையும் ‘மாதிரி’ என்பர். டூமின் ஒலிகளிற் பெரும்பாலானவை நொடிக்கு 11,025 மாதிரிகள் கொண்டவை. இவ்வெண் எங்ஙனம் வந்தது எனின், இசைத்தட்டுக் குறுவட்டின் வீதமாகிய 44,100-இன் நாலிலொரு பங்கு என்க. மாதிரி வீதத்தின் பாதிக்கு மேற்பட்ட அதிர்வெண்களைக் குறித்தல் இயலாது என்பது விதி. ஆகவே 5,512 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட கூரிய ஒலி யாதும் இவற்றில் இல்லை. துப்பாக்கி வெடிப்பும் கதவின் உறுமலும் கொடிய விலங்கின் முனகலும் இவ்வெல்லைக்குள் அடங்கிவிடுதலின் ஆடுவோர்க்குக் குறையொன்றும் தோன்றவில்லை. இவ்வொலிகளையும் விளையாட்டின் இசையையும் அமைத்தவர் ராபர்ட் பிரின்ஸ் என்பார்.

டூமின் பொருள்களனைத்தும் ‘வாட்’ எனப்படும் ஒரே பெருங்கோப்பினுள் அடைபட்டுள்ளன. ‘தரவெல்லாம் எங்கே?’ என்று பொருள்படும் ஆங்கிலக் கேள்வியின் முதலெழுத்துகளைக் கூட்டி வேடிக்கையாக இட்ட பெயர் அது. அக்கோப்பின் தலைப்பில் 12 பைட்டுகள் உண்டு. முதல் நான்கு கோப்பின் வகையையும், அடுத்த நான்கு உள்ளிருக்கும் பொருள்களின் தொகையையும், இறுதி நான்கு அவற்றின் அட்டவணை எவ்விடத்துத் தொடங்குகின்றது என்பதையும் கூறும். அட்டவணையில் ஒவ்வொரு பொருளுக்கும் 16 பைட்டுகள்: இருக்குமிடம், அளவு, எட்டெழுத்திற்கு மிகாத பெயர். ‘டி.எஸ்.’ என்று தொடங்கும் பெயருடையவை மாதிரிகளால் ஆகிய ஒலிகள். ‘டி.பி.’ என்று தொடங்குபவை வேறு. பொறியின் உள்ளே இருந்த சிறிய ஒலிபெருக்கிக்கென, நொடிக்கு 140 வீதம், ‘இன்ன சுருதி’ என்று மட்டும் குறித்த கட்டளைகள் அவை. இவ்விரண்டன் வேறுபாடறியாது பின்னதை மாதிரியென்று கொண்டு மாற்றுவார்க்கு இரைச்சலே எஞ்சும். விளையாட்டின் இசையோ சுரக்குறிப்புகளாக எழுதப்பட்டதாகலின் அதனை மாற்றுதல் தனியொரு கட்டுரைக்கு உரியது.

இனி, ‘டி.எஸ்.’ ஒலியின் உள்ளமைப்பைக் காண்போம். முதல் இரண்டு பைட்டுகளில் 3 என்னும் வகையெண். அடுத்த இரண்டில் மாதிரி வீதம். அடுத்த நான்கில் மாதிரிகளின் தொகை. அதன்பின் 16 நிரப்பு பைட்டுகள், பின் உண்மை மாதிரிகள், இறுதியில் மீண்டும் 16 நிரப்பு பைட்டுகள். தலைப்பிற் குறித்த தொகை இந்த 32 நிரப்பு பைட்டுகளையும் சேர்த்தே கூறுகின்றது, ஆயின் டி.எம்.எக்ஸ். நூலகம் அவற்றை ஒலிப்பதில்லை. பலரும் இடறும் இடம் இது. மாதிரி ஒவ்வொன்றும் ஒரு பைட்டு. 0 முதல் 255 வரை மதிப்புடையது. 128 என்பது அமைதி நிலை.

அமிகாவின் பக்கம் திரும்புவோம். அப்பொறியில் ஆக்னஸ், டெனிஸ், பாலா என்று பெண்களின் பெயர் பூண்ட மூன்று துணைச் சில்லுகள் இருந்தன. அவற்றுள் பாலாவே ஒலிக்கு உரியவள். (சில்லை ‘உரியவள்’ என்று எழுதுதல் இலக்கண வழுவெனினும், பெயரிட்டவரே அதற்குப் பொறுப்பு.) பாலாவிற்கு நான்கு ஒலிவழிகள், இரண்டு இடப்புறமும் இரண்டு வலப்புறமும் ஒலிக்கும். ஒவ்வொரு வழியும் தன் மாதிரிகளைத் தலைமைக் கணிப்பானின் உதவியின்றி நினைவகத்திலிருந்து தானே எடுத்துக்கொள்ளும். 1985-இல் இஃது அரிய திறன். ஆயின் பாலா விரும்பும் மாதிரி வேறு: −128 முதல் 127 வரை மதிப்புடையது, அதில் அமைதி நிலை 0. அன்றியும், மாதிரிகளை இரண்டிரண்டாகவே எடுத்தலின் அவற்றின் தொகை இரட்டைப்படையாக இருத்தல் வேண்டும்.

அமிகாவில் ஒலியை வைத்துக்கொள்ளும் கோப்புவடிவிற்கு ‘8எஸ்விஎக்ஸ்’ என்று பெயர். இஃது எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தைச் சார்ந்த ஜெர்ரி மாரிசன் 1985-இல் வகுத்த ‘ஐ.எஃப்.எஃப்.’ என்னும் பொதுமுறையின் ஒரு கிளை. அம்முறையின் அழகு அதன் எளிமையில் உள்ளது. கோப்பு முழுவதும் துண்டுகளாக அமையும். ஒவ்வொரு துண்டின் முன்னும் நான்கெழுத்துப் பெயரும், நான்கு பைட்டில் அதன் நீளமும் நிற்கும். தனக்குத் தெரியாத பெயருடைய துண்டைக் காணும் நிரல், நீளத்தைப் பார்த்து அதனைத் தாண்டிச் செல்லலாம். பின்வருவோர் புதிய துண்டுகளைச் சேர்த்தாலும் பழைய நிரல்கள் கெடா. நாற்பதாண்டுகள் கழிந்தும் இவ்வடிவைப் படிப்பது எளிதாயிருத்தற்கு இதுவே காரணம் என்போம். டி.எம்.எக்ஸ். வடிவிற்கு இப்பண்பு இல்லை.

இவ்விரு வடிவுகளுக்கும் இடையே மூன்று வேறுபாடுகள் நிற்கின்றன: எண்களை எழுதும் வரிசை, மாதிரியின் குறி, கோப்பின் கட்டமைப்பு. கட்டமைப்பைப் பின்னர்க் கூறுவோம். முன்னிரண்டும் சற்று விரித்துரைக்கத்தக்கன.

255-க்கு மேற்பட்ட எண் ஒரு பைட்டில் அடங்காது. 11,025 என்பதை இரண்டு பைட்டுகளில் எழுதுங்கால், 256-இன் மடங்கு 43, எஞ்சியது 17 என்று பிரிப்பர். இன்டெல் கணிப்பான் சிறியதை முன்னும் பெரியதைப் பின்னும் வைத்து 17, 43 என்று எழுதும். அமிகாவின் மோட்டரோலா 68000 கணிப்பானோ 43, 17 என்று பெரியதை முன்வைக்கும். எண்களைச் சொல்லும்போது ‘பதினோராயிரத்து இருபத்தைந்து’ என்று பெரியதை முன்வைக்கும் நாமே, தேதி எழுதும்போது நாள், மாதம், ஆண்டு என்று சிறியதை முன்வைக்கின்றோம் அன்றோ? இவ்விரண்டில் எது சிறந்தது என்று பொறியாளர் நெடுநாள் பூசலிட்டனர். டேனி கோஹன் என்பார் 1980-இல் எழுதிய கட்டுரையில் அப்பூசலை நகையாடி, முட்டையை எம்முனையில் உடைப்பது என்று போரிட்ட லில்லிபுட்டு மக்களின் பெயரையே இரு கட்சியார்க்கும் சூட்டினார். ‘கல்லிவரின் யாத்திரை’ படித்த மாணாக்கர் இதனை எளிதில் நினைவுகூர்வர்.

இவ்வரிசையை மாற்றாது விடின் விளைவு யாது? 17, 43 என்பதை அமிகா 17-ஐ 256-ஆற் பெருக்கி 43-ஐக் கூட்டி 4,395 என்று படிக்கும். ஒலி இரண்டரை மடங்கு மெதுவாக ஓடும். துப்பாக்கி வெடி, தொலைவிற் கேட்கும் எருமையின் கனைப்பாகிவிடும். இப்பிழை காதிற்கு உடனே புலப்படுதலின் தீமை குறைவு.

குறியின் பிழையோ கொடியது. 0 முதல் 255 வரையுள்ள மாதிரியிலிருந்து 128-ஐக் கழித்தால் பாலாவிற்கு வேண்டிய மதிப்புக் கிடைக்கும். 128 என்பது 0 ஆகும். 200 என்பது 72 ஆகும். 60 என்பது −68 ஆகும். பைட்டின் அளவிற் பார்ப்பின், எட்டு பிட்டுகளுள் முதலாவதைத் தலைகீழாக்குவதே இதற்குப் போதும். இதனைச் செய்யாது விட்டார்க்கு என்ன நேரும்? மெல்லிய ஒலியில் மாதிரி 127-க்கும் 128-க்கும் இடையே அசையும். 127-ஐ அமிகா 127 என்றே கொள்ளும். 128-ஐயோ −128 என்று கொள்ளும். ஆகவே மிகச் சிறிய அசைவு மிகப் பெரிய பாய்ச்சலாக மாறும். அமைதியாய் இருக்கவேண்டிய இடமே எல்லாவற்றினும் உரத்து முழங்கும். தலையணி ஒலிபெருக்கியைக் காதில் வைத்து இதனைச் சோதித்தல் கூடாது.

ஓர் எடுத்துக்காட்டால் மாற்றம் முழுவதையும் விளக்குவோம். சரியாக ஒரு நொடி ஒலிக்கும் ‘டி.எஸ்.’ ஒலி ஒன்று உளதென்று கொள்க. அதன் உண்மை மாதிரிகள் 11,025. தலைப்பிற் குறித்த தொகை, நிரப்புகள் 32-ஐயும் கூட்ட, 11,057. தலைப்பின் எட்டு பைட்டுகளும் சேரப் பொருளின் முழு அளவு 11,065 பைட்டு. முன்னுள்ள 8-ஐயும் 16-ஐயும் சேர்த்து 24 பைட்டுகளையும், இறுதியிலுள்ள 16 பைட்டுகளையும் நீக்குக. எஞ்சிய 11,025 மாதிரிகளின் குறியை மாற்றுக. இனிக் கட்டமைப்பு. முதலில் ‘ஃபார்ம்’ என்னும் நான்கெழுத்து, அதன் நீளம், ‘8எஸ்விஎக்ஸ்’ என்னும் வகைப்பெயர். பின்னர் ‘விஎச்டிஆர்’ என்னும் தலைப்புத் துண்டு. இதன் உள்ளடக்கம் எப்போதும் 20 பைட்டு. ஒருமுறை ஒலிக்கும் மாதிரிகளின் தொகை 11,025, மீண்டும் மீண்டும் ஒலிக்கும் பகுதி 0, ஒரு சுழற்சிக்குரிய மாதிரித்தொகை 0, வீதம் 11,025, சுரநிலைகளின் எண்ணிக்கை 1, சுருக்கம் 0, ஒலியளவு 65,536. (இறுதி எண் ‘முழு அளவு’ என்பதன் குறியீடு. சுழற்சியும் சுரநிலையும் இசைக்கருவிகளின் ஒலிக்கென ஏற்பட்டவை. வெடியோசைக்கு அவை வேண்டா.) அதன்பின் ‘பாடி’ என்னும் துண்டு, அதனுள் மாதிரிகள்.

11,025 ஒற்றைப்படை எண்ணாகலின் ஐ.எஃப்.எஃப். விதிப்படி இறுதியில் ஒரு வெறும் பைட்டைச் சேர்த்தல் வேண்டும். ‘பாடி’யின் நீளத்தில் இதனைக் கணக்கிடலாகாது, ‘ஃபார்ம்’ துண்டின் நீளத்திலோ கணக்கிட்டே ஆகவேண்டும். ஆகவே ‘பாடி’யின் நீளம் 11,025, ‘ஃபார்ம்’ நீளம் 4, 28, 8, 11,026 ஆகியவற்றின் கூட்டுத்தொகையாகிய 11,066, கோப்பின் முழு அளவு 11,074. பழையதற்கும் புதியதற்கும் ஒன்பது பைட்டே வேறுபாடு.

இவ்வளவையும் தம் கையால் நிரலெழுதிச் செய்ய விரும்பாதார்க்கு ‘சாக்ஸ்’ என்னும் இலவசக் கருவி உண்டு. 8எஸ்விஎக்ஸ் வடிவை அஃது எழுதவும் படிக்கவும் வல்லது. முன்னும் பின்னும் வெட்டிய வெறும் மாதிரிகளை அதனிடம் கொடுத்து, வீதம் 11,025, எட்டு பிட்டு, குறியற்றது, ஒரே வழி என்று நான்கு செய்திகளையும் தவறாது சொல்லல் வேண்டும். தலைப்பை வெட்டிய கோப்பு ஊமையாகலின் அது தன்னைப் பற்றித் தானே ஒன்றும் சொல்லாது.

ஈண்டு ஒரு வினா எழும். பாலாவினால் 11,025 என்னும் வீதத்தைத் துல்லியமாகக் காட்ட முடியுமா? முடியாது. நம் நாட்டிலும் வழங்கிய பி.ஏ.எல். தொலைக்காட்சி முறைக்குரிய அமிகாவில் கடிகாரம் நொடிக்கு 35,46,895 முறை துடிக்கும். எத்தனை துடிப்பிற்கு ஒரு மாதிரி என்று முழு எண்ணாகவே சொல்லவேண்டும். 11,025-ஆல் வகுத்தால் 321.7, ஆகவே 322 என்று கொள்கின்றோம். அப்போது உண்மை வீதம் 11,015 ஆகின்றது. ஆயிரத்தில் ஒரு பங்கிற்கும் குறைந்த இவ்வேறுபாட்டை வெடியோசையில் எச்செவியும் உணராது. ஆகவே, ‘அமிகாவிற்கு ஏற்ற வீதம்’ என்று சொல்லி மாதிரிகளையே புதிதாகக் கணக்கிட்டுத் திருத்துவோர் செயல் வீண் என்பது நம் கருத்து. டூமின் ஒலிகளுள் சில 22,050 வீதத்தில் உள்ளன. அவையும் பாலாவின் எல்லைக்குள் அடங்குவனவே. இயல்பான நிலையில் அவ்வெல்லை ஏறத்தாழ 28,600. குறுவட்டின் 44,100 வீதத்திலுள்ள ஒலியை மாற்றும்போதுதான் வீதத்தைக் குறைத்தல் தவிர்க்க முடியாதது. அப்போதும் கூரிய ஒலிகளை முன்னரே வடிகட்டுதல் வேண்டும். வடிகட்டாது நான்கு மாதிரிக்கு ஒன்றாகப் பொறுக்கினால், 8,000 ஹெர்ட்ஸ் ஒலி 3,025 ஹெர்ட்ஸாக வேடமிட்டு வந்து நிற்கும்.

சுருக்கத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். 8எஸ்விஎக்ஸ் வடிவில் பிபனாச்சி எண்களைக் கொண்டு கோப்பைப் பாதியாக்கும் முறை ஒன்றுண்டு. மாதிரியை எழுதாது, முன்னதற்கும் அதற்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் நான்கு பிட்டில் எழுதுவர். அனுமதிக்கப்பட்ட வேறுபாடுகள் பதினாறே: மேல்நோக்கி 1, 2, 3, 5, 8, 13, 21, கீழ்நோக்கி 1, 2, 3, 5, 8, 13, 21, 34, மற்றொன்று 0. நம் எடுத்துக்காட்டின் 11,025 மாதிரிகள் 5,515 பைட்டில் அடங்கிவிடும். நினைவகம் அரிதாயிருந்த 1985-இல் இஃது அறிவுடைய ஏற்பாடே. ஆயின் வெடியோசையின் தொடக்கத்தில் அலை 0-விலிருந்து 100-க்கு ஒரே மாதிரியில் தாவுவதுண்டு. 21-க்கு மேற் செல்லவொட்டாத இம்முறையில் அத்தாவல் ஐந்து மாதிரிகளில் ஏறும் சரிவாகிவிடும். வெடியின் கூர் மழுங்கும். மெல்ல அசையும் ஒலிக்கு இம்முறை பொருந்தும், டூமிற்குப் பொருந்தாது.

இங்கேதான் நாம் வற்புறுத்த விரும்புவது உளது. வரிசை மாற்றமும் குறிமாற்றமும் கட்டமைப்பு மாற்றமும் மீளக்கூடியவை. எப்போது வேண்டினும் பழைய மாதிரிகளை ஒரு பிட்டும் குறையாது திரும்பப் பெறலாம். வீத மாற்றமும் பிபனாச்சிச் சுருக்கமும் மீளாதவை. மீளா வழியில் மாற்றிய கோப்பொன்று கைமாறிக் கைமாறிச் சென்று, பின்னொருவர் அதனை மீண்டும் பழைய வடிவிற்குத் திருப்பிவைப்பாராயின், மூலம் எது, பாடபேதம் எது என்று பிரித்தறிய வழியில்லை. சுவடி பெயர்த்தெழுதினோர் விட்ட பிழைகளைக் களைய நம் பதிப்பாசிரியர்கள் பட்ட பாட்டை அறிந்த நாம், அவ்வின்னலைப் புதிதாக உண்டாக்கலாகாது. மாற்றிய கோப்புடன் மாற்றாத கோப்பையும் காத்துவைத்தல் கடன். மேலும், மூலநிரல் 1999-இல் பொது உரிமத்தின்கீழ் வந்ததேயன்றி ஒலிகளும் படங்களும் அவ்வாறு வரவில்லை. விலைகொடுத்து வாங்கிய ஆட்டத்தின் ஒலிகளைத் தம் பொறிக்கென மாற்றிக்கொள்வது வேறு, அவற்றை ஊரெங்கும் வழங்குவது வேறு. வழங்க விரும்புவோர் ‘ஃப்ரீடூம்’ என்னும் திட்டத்தார் உரிமத் தடையின்றிப் புதிதாக ஆக்கிய ஒலிகளைக் கொள்ளலாம்.

மாற்றம் செவ்வையாக நடந்ததா என்று காதால் மட்டும் தேர்தல் போதாது. அமிகாவில் மின்னொளி விளக்கோடு பிணைந்த ஒலிவடிகட்டி ஒன்றுண்டு. அது வேலை செய்யும்போது கூரிய ஒலிகள் தாமே மங்கும். விளக்கின் ஒளி மாறுவதைக் கவனியாதவர் கோப்பின்மேற் குற்றம் சுமத்துவர். ஆகவே முதலில் கோப்பின் அளவை மேற்சொன்ன கணக்கோடு ஒத்துப் பார்க்க. பின்னர் 8எஸ்விஎக்ஸ் கோப்பிலிருந்து மாதிரிகளை எடுத்து, குறியைத் திரும்ப மாற்றி, வாட் கோப்பிலிருந்து வெட்டிய மாதிரிகளோடு பைட்டுக்குப் பைட்டு ஒப்பிடுக. 11,025-உம் ஒத்திருந்தால் வேலை முடிந்தது. ஒன்றேனும் ஒவ்வாதாயின், இறுதியிற் சேர்த்த வெறும் பைட்டை மாதிரியென்று எண்ணிவிட்டோமா என்பதை முதலிற் பார்க்க.